சாமரக்காரி

குவைத்தில் நான் துடைத்த சுவர்களில்
ஒன்றில் மட்டும் ஒரு ராணி இருந்தாள்.
இரண்டு உள்ளங்கை சேர்த்தால் மூடிவிடலாம்.
வெள்ளை மாடம், பின்னால் மழை இருட்டு,
மருதாணி விரலில் மாம்பழமோ கிண்ணமோ.
ஈரத் துணி வேண்டாம், கிட்டே போகாதே
என்று மெடம் சொல்லியிருந்ததால்
ஏழு மாதம் எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

முகம் பக்கவாட்டில். ஒற்றைக் கண்.
காதை எட்டப் பார்க்கும் நீளக் கண்,
யாரையும் பார்க்காமல் திறந்திருந்தது.
பாஸ்போட் படத்துக்கு இப்படி நின்றால்
திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பின்னால் சாமரம் பிடித்தபடி ஒருத்தி.
ராணியின் தோளுக்குத்தான் வருவாள்.
அவளை முதலில் கண்டது நானாகத்தான் இருக்கும்;
அந்த வீட்டில் வேறு யாரும்
அந்த மூலைவரை குனிவதில்லை.

ஒரு வியாழன், விலை மதிக்க ஒருவர் வந்தார்.
லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.
அவர் சொன்னதை சாரதி ஷாஜி
குசினி வாசலில் நின்று
பாதி மலையாளத்தில் எனக்குச் சொன்னான்:
வரைந்தவன் ராணியைக் கண்டதேயில்லை.
திரைக்குள்ளே யார் விடுவார்?
மான்தோலில் ஒரு முகம் வைத்திருந்தான்,
கோடு நெடுக ஊசித் துளை.
கரித்தூளைத் தட்டினால்
கீழே தாளில் புள்ளி புள்ளியாய் இறங்கும்.
எல்லா ராணிக்கும் அதே தோல்.
முத்து மட்டும் ஆளுக்கு ஆள் கூடும், குறையும்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
மருதமுனையில், கல்யாணத்துக்கு முன்,
சாரிக் கரைக்கு நான் பூ இறக்கியது அப்படித்தான்:
ஊசி குத்திய எண்ணெய்த் தாள்,
மண்ணெண்ணெயில் குழைத்த நீலம்,
பஞ்சால் ஒரு இழுப்பு.
ஒரே கொடி, நாற்பது மணப்பெண்கள்.

அன்றிரவு விருந்தாளிகள் போன பிறகு
கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டு
மூலைக்குக் குனிந்தேன்.
அதே மூக்கு. அதே நாடி.
உடம்பைத்தான் குறுக்கியிருந்தான்,
முகத்தைக் குறுக்க மறந்துவிட்டான்.

எனக்கு முன் அந்த வீட்டில் இருந்தவள் மரியம்.
அவளுக்கு முன் இருந்தவளும் மரியம்.
என் பெயர் நஸ்லிமா.
மெடம் "மரியம்" என்றால் ஓடிப் போவேன்.

*

கடல் வந்த காலை உம்மாவோடு
உம்மாவின் படங்களும் போயின.
பிறகு ஏதோ படிவத்துக்கு ஒரு படம் கேட்டார்கள்.
கல்முனை ஸ்ரூடியோக்காரர்
என்னை ஸ்டூலில் இருத்தி எடுத்தார்.
"முகவெட்டு அப்படியேதானே, தங்கச்சி.
கொஞ்சம் நரை, கன்னத்தில கொஞ்சம் குழி,
செஞ்சு தாறன்."
செய்து தந்தார்.
கந்தோரில் ஒரு கேள்வியும் இல்லாமல் ஒட்டிக்கொண்டார்கள்.

மிச்சப் பிரதியைச் சுவரில் மாட்ட வாப்பா விடவில்லை.
படமுள்ள வீட்டுக்கு மலக்குகள் வரமாட்டார்களாம்.
அலுமாரிக்குள், காணி உறுதிக்கும்
என் பழைய பாஸ்போட்டுக்கும் நடுவே
ஒன்பது வருஷம் படுத்திருந்தது.

ஊர் திரும்பி மூன்றாம் நாள்
எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன்.
என் தோலில் இறக்கிய உம்மா.
ராத்தா எட்டிப் பார்த்து,
"உம்மாவேதான்" என்று அழுதாள்.
எனக்கு அழுகை வரவில்லை.
நான் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டும் முழுசாக இருந்தன.

உம்மாவுக்கு இடக்காது கிழிந்தது.
தம்பி பால் குடிக்கிற வயதில்
தோட்டைப் பிடித்து இழுத்ததில் அறுந்து,
இரண்டு சோணையாய் ஆடும்.
தொழும்போது முக்காட்டுக்குள் போகும்,
சோறு பரிமாறும்போது வெளியே வரும்.
அந்தக் காது யாரிடமும் இல்லை.
என்னிடமும் இல்லை.

தையல் பெட்டியில் ஊசி எடுத்தேன்.
முதல் துளை சோணையின் நடுவில்.
அதன் கீழ் ஒன்று.
அதன் கீழ் இன்னொன்று, கொஞ்சம் கோணலாக.
தாள் தடிப்பு, கை நடுங்கியது.
நாலாவதைக் குத்தும்போது
மீன்காரரின் ஹோர்ன் தெருமுனையில் கேட்டது.
"சாளை வாங்கு, நல்லா இருந்தா மட்டும்" என்றாள் ராத்தா.

ஊசியைக் காதிலேயே விட்டுவிட்டு
எழுந்து போனேன்.